கரிசலில் நூல் விலை: அச்சும் மின்னூலும்

தமிழ் நூலின் அட்டை விலை பெரும்பாலும் ஃபாரம் கணக்கில் முடிவாகிறது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். காகிதம், அச்சுக்கூலி, அட்டை, பைண்டிங் எல்லாவற்றையும் ஃபாரத்துக்கு இவ்வளவு என்று கூட்டி, அதன் மேல் விற்பனையாளர் கழிவையும் ஆசிரியரின் உரிமைத்தொகையையும் பதிப்பாளரின் பங்கையும் ஏற்றுகிறார்கள். 200 ரூபாய் நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டால் கடைக்கும் விநியோகத்துக்கும் 30 முதல் 40 விழுக்காடு, அதாவது 60 முதல் 80 ரூபாய் வரை போகும். வழக்கமான 10 விழுக்காட்டின்படி ஆசிரியருக்கு 20 ரூபாய். மெய்ப்புத் திருத்தம், கிடங்கு வாடகை, விற்காமல் தேங்கும் படிகளின் நட்டம் உட்பட மற்றச் செலவு முழுவதும் மிச்சத் தொகைக்குள் அடங்க வேண்டும். ஆயிரத்து இருநூறு படி அச்சிட்ட காலம் போய் இருநூறு, முந்நூறு படி அச்சிடும் காலம் வந்துவிட்டதால் ஒரு படியின் அடக்க விலை ஏறியிருக்கிறது. அச்சு நூல் விலை கூடியதற்குப் பதிப்பாளரின் பேராசையைக் காரணம் சொல்வது பெரும்பாலும் நியாயமற்றது.

மின்னூலில் காகிதம், அச்சு, கிடங்கு, தேக்கம் நான்கும் இல்லை. எழுத்தும் செம்மையாக்கமும் மெய்ப்பும் அப்படியே இருக்கின்றன. கடைக்காரரும் மறைவதில்லை, இடம் மாறுகிறார். அமேசானின் கிண்டில் 2016 டிசம்பரில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கியது. அதில் ஆசிரியரே நேரடியாக வெளியிட்டால் 35 அல்லது 70 விழுக்காடு உரிமைத்தொகை கிடைக்கும். இந்தியச் சந்தையில் 70 விழுக்காடு வேண்டுமானால் அந்த மின்னூலை வேறெந்த மின்தளத்திலும் விற்பதில்லை என்று ஒப்பந்தம் செய்ய வேண்டும். 100 ரூபாய் மின்னூலில் வரியும் கோப்பை அனுப்பும் கட்டணமும் போக ஆசிரியர் கைக்கு ஏறத்தாழ 60 ரூபாய் வரும். 200 ரூபாய் அச்சு நூல் தரும் 20 ரூபாயைப் போல இது மூன்று மடங்கு. வாசகருக்குப் பாதி விலை, எழுதியவருக்கு மும்மடங்கு வருவாய் என்ற இந்தக் கணக்கே மின்னூலின் மிகப் பெரிய பலம். ஆனால் அது தன் நூலைத் தானே வெளியிடுபவருக்கு மட்டுமே பொருந்தும். பதிப்பகம் வழியே வரும் மின்னூலில் அந்த 60 ரூபாயும் பங்கு போடப்படும்.

விலையைக் குறைத்தால் விற்பனை கூடும் என்பதற்கு அமேசான் ஒரு கணக்குச் சொன்னது. 2014இல் ஹாச்செட் பதிப்பகத்தோடு மின்னூல் விலை பற்றிச் சண்டை நடந்தபோது, 14.99 டாலர் நூலை 9.99 டாலருக்கு விற்றால் 1.74 மடங்கு படிகள் விற்கும் என்று அது வாதிட்டது. தன் பக்கத்துக்குச் சாதகமாக ஒரு விற்பனையாளர் சொன்ன கணக்கு என்பதை நினைவில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் அதில் உள்ள உண்மை தமிழுக்கும் பொருந்தும். அச்சு விலையை ஒட்டி விலை வைக்கப்படும் தமிழ் மின்னூலை வாங்குபவருக்குக் காகிதச் செலவு மிச்சமான பலன் போய்ச் சேருவதே இல்லை.

இந்தப் பொதுக் கணக்கு கரிசல் பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கு வரும்போது மாறுகிறது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சுழி இன்னும் 15 கிலோமீட்டர் கிழக்கே. வானம் பார்த்த பூமியும் தறியும் சோறு போடும் இவ்வூர்களில் புத்தகக் கடை என்றால் பெரும்பாலும் நோட்டும் பாடநூலும் வழிகாட்டி நூலும் விற்கும் கடைதான். நாவலோ கவிதையோ வேண்டுபவர் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டும், அல்லது மாவட்டப் புத்தகத் திருவிழாவுக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது அஞ்சலில் வரவழைக்க வேண்டும். மல்லாங்கிணறு அருப்புக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். அங்கே பிறந்த எஸ். ராமகிருஷ்ணன், கரிசல் நாதஸ்வரக் கலைஞர்களின் வாழ்வைச் சொல்லும் ‘சஞ்சாரம்’ நாவலுக்காக 2018இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அந்த நாவல் யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர்கள் ஊருக்கு அதன் அச்சுப் படி வந்து சேர, அட்டை விலைக்கு மேலும் செலவாகும்.

அந்தச் செலவு அஞ்சல் துறையின் முடிவுகளைப் பொறுத்தது. நெடுங்காலம் நூல்களைக் குறைந்த செலவில் கொண்டுசேர்த்த பதிவு நூலஞ்சல் 2024 டிசம்பர் 18 அன்று நிறுத்தப்பட்டது. சிறு பதிப்பாளர்களுக்கு அது பேரிடி. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவை வந்திருக்கிறது. கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கென்று வகுக்கப்பட்ட அதில் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. 250 கிராம் நூல் ஒன்றைத் தனியாக வரவழைத்தால் அதன் மேல் 20 ரூபாய் ஏறும். இருபது நூலை ஒரே கட்டாக வரவழைத்தால் நூலுக்கு 5 ரூபாய்தான். தனியாக வாங்கும் திருச்சுழி வாசகருக்கு மின்னூல் மலிவு. நாலைந்து பேர் சேர்ந்து பட்டியல் போட்டு வாங்கும்போது அச்சு நூலின் பாதகம் பெருமளவு நீங்கிவிடுகிறது.

அடுத்த கேள்வி, விலை கொடுத்து என்ன வாங்கப்படுகிறது என்பது. அச்சு நூல் வாங்கியவரின் உடைமை. இரவல் தரலாம், பரிசாகத் தரலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம், பள்ளி நூலகத்துக்கு வழங்கலாம். கிண்டில் நூலை வாங்கியவர் பெறுவது படிக்கும் உரிமம் மட்டுமே. அதை விற்க முடியாது, நூலகத்துக்குக் கொடுக்கவும் முடியாது. 2009இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலின் ஒரு மின்பதிப்பை, பதிப்புரிமைச் சிக்கலால் வாசகர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திருப்பித் தரப்பட்டது உண்மைதான், ஆனால் உரிமத்தின் எல்லை அன்று எல்லாருக்கும் தெரிந்துபோனது.

ஆகவே இரண்டு விலைகளையும் வெறுமனே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறான முறை. எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். பள்ளி ஆசிரியர் ஒருவர் வாங்கிய 200 ரூபாய் நூலைப் பத்து மாணவர் படித்தால் தலைக்கு 20 ரூபாய். 100 ரூபாய் மின்னூல் ஒரே கணக்குக்குள் இருந்தால் தலைக்கு 100 ரூபாய்தான். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்தும் அருப்புக்கோட்டைக்காரர், அச்சு நூலகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர். அந்த நூலகத்தில் ஒரு நூல் சேர்ந்தால் அதன் விலை ஊர் முழுவதற்குமாகப் பகிரப்படுகிறது. இரவல் வாங்கிப் படித்தே வளர்ந்த வட்டாரத்தில், இரவல் தர முடியாத நூலை மலிவு என்று சொல்லிவிட முடியாது.

வரி இந்தக் குறையை இன்னும் மோசமாக்குகிறது. அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால் காகிதத்துக்குக் கட்டிய வரியைப் பதிப்பாளர் திரும்பப் பெறவும் வழியில்லை, அது விலைக்குள் ஒளிந்துகொள்கிறது. மின்னூலுக்கு முதலில் 18 விழுக்காடு இருந்தது. 2018 ஜூலையில் அச்சுப் பதிப்பும் உள்ள மின்னூல்களுக்கு மட்டும் 5 விழுக்காடாகக் குறைத்தார்கள். அச்சிட வசதியில்லாமல் முதல் கதைத் தொகுப்பை மின்னூலாக மட்டும் வெளியிடும், திருச்சுழி பக்கத்து நரிக்குடி இளைஞரின் நூலுக்கு 18 விழுக்காடு, பெரும் பதிப்பகத்தின் அச்சு நூலுக்கு ஒன்றுமில்லை! வசதி குறைந்தவர் மேல் கூடுதல் சுமை வைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு எந்த நியாயமும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் வெளியே நிற்கும் ஒரு முறையும் திருச்சுழியோடு தொடர்புடையது. 1879 டிசம்பர் 30 அன்று இவ்வூரில் பிறந்த ரமண மகரிஷியின் ‘நான் யார்?’ என்ற சிறு நூல், 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளிலிருந்து உருவானது. திருவண்ணாமலை ரமணாசிரமம் அதை மிகக் குறைந்த விலையில் அச்சில் விற்கிறது. தன் இணையதளத்தில் பல மொழிகளில் இலவசமாகவும் தருகிறது. இலவசக் கோப்பு அச்சு விற்பனையை நிறுத்திவிடவில்லை. அந்தக் கோப்பில் பூட்டு கிடையாது, யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் இலவசமாகத் தர 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், நாட்டுடைமை நூல்களை இணையத்தில் வைத்திருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இதே வழியில் செல்கின்றன. எழுதிப் பிழைக்கும் ஒருவர் எல்லாவற்றையும் இலவசமாகத் தர முடியாது என்பது வெளிப்படை. ஆசிரமத்துக்கு நன்கொடை உண்டு, கல்விக்கழகத்துக்கு அரசு உண்டு.

இன்னொரு வகை நூல்களில் ஒப்பீடே தேவைப்படாது. மறுபதிப்பு வராமல் கடைகளிலிருந்து மறைந்துபோன நூல்களுக்கு அச்சு விலை என்று ஒன்று இல்லை. இருநூறு படிக்குக்கூட வாங்குவோர் இல்லாத வட்டார வரலாறு, பழைய சிறுகதைத் தொகுப்பு போன்றவற்றுக்கு மின்னூலே சரியான வடிவம். அங்கே அதன் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அச்சில் கிடைக்கும் நூலுக்கோ, காகிதமும் அச்சும் கிடங்கும் மிச்சமான மின்பதிப்பின் விலை அச்சு விலையில் பாதியைத் தாண்டுவது முறையல்ல. இரவல் தர முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால் அந்தப் பாதியும் அதிகம். பதிப்பாளர்கள் இந்த அளவுக்கு விலையை இறக்க வேண்டும். அச்சில்லாத மின்னூலின் மேலுள்ள 18 விழுக்காடு வரியை அரசு நீக்க வேண்டும்.