புரையும் பத்தியமும்: கண் அறுவைக்குப் பின் வழங்கும் அறிவுரைத் தமிழ்

தமிழில் மருத்துவம் கற்பித்தல் இயலுமா என்னும் வினாவிற்குச் செயலால் விடை கூறியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884). யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1864 முதல் மாணாக்கர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றிய அவர், ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களையும் தமிழில் வெளியிட்டார். கலைச்சொல் வரலாறு எழுதுவோர் அவர்தம் தொண்டினைப் போற்றுவர். ஆயினும் மருத்துவத் தமிழ் என்பது மருத்துவர் கற்கும் தமிழ் மட்டும் அன்று. மருத்துவர் நோயாளியிடம் பேசும் தமிழும் அதன் ஒரு கூறாகும். முன்னதற்கு அகராதிகள் பல எழுந்தன. பின்னதன் நடையை ஆராய்ந்தார் அரியர். கண்புரை அறுவை செய்துகொண்டோர் கையில் கொடுக்கப்பெறும் ஒரு பக்க அறிவுரைத் தாளினை உரைநடையின் ஒரு வகையாகக் கொண்டு மதிப்பிடுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறையினர்க்கு இஃது ஏற்ற பொருளோ எனச் சிலர் ஐயுறலாம். ஒரு சொல் பொருள் திரிந்து செவியில் விழுந்தால் செய்யுளில் நயம் கெடும். இத்தாளிலோ கண் கெடும். சொல்லும் பொருளும் பொருந்துமாற்றை ஆராய்வதே நம் துறையின் பணியாதலின், இதனைப் புறக்கணித்தற்குக் காரணம் யாதும் இல்லை.

ஆய்விற்கு எல்லையாக யாம் கொண்டது சவ்வாது மலையடிவாரத்துக் கண்ணமங்கலமும் அதன் சுற்றுப்புறமும் ஆகும். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள இவ்வூரார்க்குக் கண் மருத்துவம் புதிதன்று. ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1902-இல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை பின்னாளில் கண் மருத்துவத்திற்கு உரியதாயிற்று. இந்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1976-இல் தோன்றியது. அதே ஆண்டில் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இத்தகைய முயற்சிகளாலும் மருத்துவ முன்னேற்றத்தாலும் அறுவை எளிதாயிற்று. நோயாளி பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாளே வீடு திரும்புகிறார். முன்னாளில் செவிலியர் பல நாள் அருகிருந்து செய்த காவலை இன்று ஒரு தாள் செய்ய வேண்டியதாயிற்று. மலையூர்க்குத் திரும்பும் முதியவர் பலர் அத்தாளைத் தாமே படிப்பதில்லை. பேரனோ மருமகளோ படிக்கக் கேட்கின்றனர். ஆகவே இது கண்ணால் படிக்கும் உரை அன்று. செவியால் கொள்ளும் உரை. இவ்வட்டாரத்தில் வழங்கும் தாள்கள் சிலவற்றை யாம் பார்த்த அளவில், அவை இவ்வுண்மையை நினைந்து எழுதப்பட்டனவாகத் தோன்றவில்லை.

முதற்கண் நோயின் பெயரை நோக்குவோம். கருமணிக்குப் பின்னே உள்ள இயற்கை லென்ஸ் தெளிவிழந்து மங்குவதே கண்புரை. புரை என்னும் சொல்லுக்குத் தொல்காப்பிய உரியியல் உயர்வு எனப் பொருள் கூறும். திருக்குறளின் வாய்மை அதிகாரத்தில் அது குற்றம் என்னும் பொருளது. ஊர்வழக்கிலோ அது புரையேறுதலிலும் புரையோடிய புண்ணிலுமே மிகுதியாகக் கேட்கப்படுகிறது. ஆதலின் ‘கண்ணில் புரை’ எனக் கேட்பவர் உள்ளே சீழ்கொண்ட புண் இருப்பதாக அஞ்சுதல் கூடும். ‘படலம்’ என்பது மேலே படர்ந்த ஏட்டினை நினைவூட்டும். ‘சதை வளர்ந்துவிட்டது’ என்பது ஊரார் கூற்று. இவ்விரண்டும் நோயைக் கண்ணின் மேற்புறத்தில் வைத்துக் காட்டுகின்றன. மேலே உள்ளதாயின் சாறு பிழிந்து கரைக்கலாம் என்னும் எண்ணம் தானே எழும். பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் ஆமணக்கெண்ணெயும் கண்ணில் இடப்பெற்றுக் கருவிழி புண்ணாகிப் பார்வை கெடுதலை மருத்துவர் பலகாலும் கண்டுள்ளனர். சொல் நோயை இடம் மாற்றிவிட, மருந்தும் இடம் மாறிச் செல்கிறது. புரை என்னும் பெயரை நீக்க வேண்டுவதில்லை. அதனோடு ஓர் உவமை சேர்ந்தாற் போதும். முட்டையின் வெண்கரு பச்சையாக இருக்கும்போது தெளிந்திருக்கும், வெந்தபின் வெளுத்துவிடும், அதனை மீண்டும் தெளிவிக்க எம்மருந்தாலும் இயலாது. இவ்வுவமையைக் கேட்டவர்க்கு நோயின் இடமும் இயல்பும் அறுவையின் தேவையும் ஒருங்கே விளங்கும்.

அடுத்தது ‘முற்றுதல்’, ‘பழுத்தல்’ என்னும் உழவர் வழக்கு. பழைய அறுவை முறையில் புரை முற்றும் வரை காத்திருத்தல் பொருத்தமாக இருந்தது. இன்று அன்றாடத் தொழிலுக்குப் பார்வை இடையூறாகும்போதே அறுவை செய்யலாம். மிக முற்றிய புரை கடினமாகி அறுவையை அரிதாக்கும். சிலருக்கு விழியழுத்தம் மிகுந்து வலியும் நிலையான பார்வையிழப்பும் நேரும். ஆயினும் பழுத்தல் என்னும் சொல் இன்றும் ‘காத்திரு’ என்றே கட்டளை இடுகிறது. காய் பறிப்பது தவறு என்பது உழவர் அறிவன்றோ? இறந்துபட்ட மருத்துவ முறை ஒரு சொல்லில் உயிரோடிருத்தலுக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

தூய தமிழ்ச்சொல் எல்லாம் தெளிந்த சொல் ஆகிவிடாது என்பதற்கு ‘உள்விழி வில்லை’ சான்றாகும். ஹெரால்டு ரிட்லி 1949-இல் இலண்டனில் முதன்முதலாகக் கண்ணுள் பொருத்திய செயற்கை லென்ஸ், மதுரையில் 1992-இல் தொடங்கிய அரோலாபின் வழி ஏழையர்க்கும் குறைந்த விலையில் எட்டியது. ‘லென்ஸ் வைத்தார்கள்’ என்பது இன்று ஊர்மக்களின் வாய்மொழி. வில்லை என்றாலோ மாத்திரையைக் கருதுவோர் உளர். தனித்தமிழ்ப் பற்றுடைய யாமும் ஈண்டு லென்ஸ் என்பதற்கே வாக்களிப்போம்.

இனி வாக்கிய அமைப்பு. ‘அறுவை செய்யப்பட்ட கண் தேய்க்கப்படுதல் தவிர்க்கப்பட வேண்டும்’ என்பது போன்ற நடை இத்தாள்களில் மிகுதி. இதில் எழுவாயாகிய மனிதர் இல்லை, ஏவலும் இல்லை. யார் செய்யலாகாது என்பது கேட்பவர்க்குப் புலனாவதில்லை. ‘கண்ணைக் கசக்காதீர்கள்’ என்னும் இருசொல் அதனினும் வலிது. ‘நாளொன்றுக்கு நான்கு வேளை’ என்பதினும் ‘காலை, உச்சிவேளை, மாலை, படுக்குமுன்’ என்பது நினைவில் நிற்கும். சொட்டு மருந்து பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை, மருத்துவர் கூறியவாறு அளவு குறைத்து இடற்பாலது. சிவப்பு மறைந்ததும் மருந்தை நிறுத்துதல் பலர் இயல்பாதலின், காலத்தின் காரணத்தையும் உடன் கூறல் வேண்டும்: வெளியே ஆறினாலும் உள்ளே ஆற நாளாகும்.

அறுவை முடிந்தவர் முதலில் கேட்கும் வினா, ‘என்ன பத்தியம்?’ என்பதே. தாள்கள் இதற்கு ‘உணவில் கட்டுப்பாடு இல்லை’ என ஒரு வரியில் விடையிறுத்து அமைகின்றன. சர்க்கரை நோயுடையார்க்கு அவ்வரி தவறான உரிமத்தையும் தந்துவிடும். யாம் வற்புறுத்த விரும்புவது இதுவே: தமிழ் மருத்துவ மரபில் பத்தியம் உணவை மட்டும் குறித்ததன்று, நோயாளியின் ஒழுகலாறு முழுவதையும் தழுவியது. மக்கள் மதித்துக் காக்கும் அச்சொல்லைக் கைவிட்டு, ‘சுய பராமரிப்பு’ என்னும் உயிரற்ற தொடரை ஆளுதல் இழப்பன்றி வேறன்று. அதனையே கொண்டு இவ்வாறு எழுதலாம்:

‘கண்ணுக்குப் பத்தியம் கையின் தூய்மை. சோப்பினால் கைகழுவிய பின்னரே மருந்து விடுங்கள். மருந்துக் குப்பியின் முனை கண்ணில் படவேண்டா. மருத்துவர் சொல்லும் வரை தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டா. முகத்தை ஈரத்துணியால் துடையுங்கள். அடுப்புப் புகையில் நில்லாதீர்கள். விறகுக்கட்டும் தண்ணீர்க் குடமும் தூக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர் அதற்குரிய உணவையும் மருந்தையும் விடாதீர்கள். கண் வலித்தாலும், சிவந்தாலும், பார்வை குறைந்தாலும், சீழ் வடிந்தாலும் விடியட்டும் என்று இராமல் உடனே வாருங்கள்.’

இறுதி வாக்கியமே தாளின் உயிர்நாடி. அறுவைக்குப் பின் கண்ணுள் கிருமி புகுந்தால் சில நாளிலேயே, சிலர்க்குச் சில மணி நேரத்திலேயே, பார்வை பறிபோகும். அவ்வாக்கியத்தைப் பத்தாவது குறிப்பாகச் சிற்றெழுத்தில் வைத்தல் உரைநடைக் குற்றம் மட்டும் அன்று. அது முதலில் நிற்பதோடு இறுதியிலும் ஒருமுறை வருதல் தகும். செவிவழி உரையில் கூறியது கூறல் குற்றமாகாது.

எளிமை துல்லியத்தைக் கெடுக்கும் என மருத்துவர் சிலர் கருதுவர். மேலே காட்டிய சொற்களுள் துல்லியம் குறைந்தவை மக்கள் அறியாத வடிவங்களே என்பதை எண்ணிப் பார்த்தல் நலம். முதுகலை மாணவர் தத்தம் ஊரில் வழங்கும் அறிவுரைத் தாள்களைத் தொகுத்து, முதியோர்க்குப் படித்துக்காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லக் கேட்டு எழுதுவாராயின், அஃது ஆய்வாகவும் அறமாகவும் அமையும்.