மலாக்கா: காண்பதும் கடப்பதும்

‘இப்ரத்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் படிப்பினை என்று நாம் பொருள் கொள்கிறோம். ஐன், பே, ரே என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து பிறந்த அச்சொல்லின் அடிப்படைப் பொருள் கடந்து செல்லுதல் என்பதாகும். ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரை சேர்வதையும் அதே வேர்தான் குறிக்கும். கண்ணால் கண்ட ஒன்றிலிருந்து கண்ணுக்குப் புலப்படாத ஒன்றுக்குக் கருத்தால் கடந்து செல்வதே இப்ரத். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவை நோக்குமாறு திருமறை பல இடங்களில் பணிப்பதும் இதனைக் கருதியே. மலாக்கா நகரின் மரபுச் சின்னங்களை இவ்வளவுகோல் கொண்டே இங்கு மதிப்பிட முனைகிறோம்.

2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஜார்ஜ் டவுனுடன் இணைந்து மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. டச்சுக்காரர் எழுப்பிய செந்நிற மாளிகை, குன்றின் மேலுள்ள தேவாலயச் சிதைவு, கோட்டை வாயில், சுல்தானின் அரண்மனை, கப்பல் வடிவ அருங்காட்சியகம், பழம் பள்ளிவாசல்கள் என அனைத்தையும் ஒரே பகலில் பார்த்து முடித்துவிடலாம். ஆயினும் இவையெல்லாம் ஒரே தன்மையன அல்ல. இவற்றுள் அழிவிலிருந்து எஞ்சியவை சில. பிற்காலத்தில் போலச் செய்தவை சில. இன்றும் வாழ்பவை சில. இவ்வேறுபாட்டை உணராமல் எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்ப்பதே நம் பயணங்களின் பெருங்குறை.

எஞ்சியதற்குச் சான்று ஆ ஃபமோசா கோட்டையின் வாயில். 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய அல்புகர்க், பள்ளிவாசலின் கற்களையும் அரச கல்லறைகளின் கற்களையும் பெயர்த்தெடுத்து அக்கோட்டையைக் கட்டினான் என்பது போர்த்துக்கீசியரின் நூல்களே கூறும் செய்தி. 1641இல் நகரைப் பெற்ற டச்சுக்காரர், வாயிலின் மேல் தம் வணிகக் கழகத்தின் சின்னத்தையும் 1670 என்னும் ஆண்டையும் பொறித்தனர். 1807இல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தபோது இவ்வொரு வாயில் தப்பியது. இன்று அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோர் எண்ணற்றோர். வெற்றி பெற்றவனின் வாயில் அவர்கள் கண்முன் நிற்கிறது. அதற்குக் கல் ஈந்து மறைந்த பள்ளிவாசலைக் கருத்தால் மட்டுமே காண இயலும். அங்குக் கடந்து செல்லாதவர் மலாக்காவின் பாதியைக் கண்டவரே ஆவர்.

போலச் செய்தவற்றுள் இரண்டு நம் கவனத்திற்குரியன. முதலாவது, குன்றின் அடிவாரத்தில் 1986இல் திறக்கப்பட்ட அரண்மனை அருங்காட்சியகம். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுல்தான் மன்சூர் ஷாவின் அரண்மனையைச் ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூல் வருணித்தவாறே மரத்தால் அமைத்துள்ளனர். நூலிலிருந்து கட்டடம் எழுந்தது என்பதால் இப்போலியை நாம் குறைத்து மதிப்பிட வேண்டுவதில்லை. உரையாசிரியர் மூலநூலுக்குச் செய்யும் பணி போன்றது அது. இரண்டாவது, ஆற்றங்கரையில் 1994இல் திறக்கப்பட்ட கடல்சார் அருங்காட்சியகம். அது ‘ஃபுளோர் டெ லா மார்’ என்னும் போர்த்துக்கீசியக் கப்பலின் வடிவில் அமைந்தது. மலாக்காவில் கொள்ளையிட்ட செல்வத்தை ஏற்றிச் சென்று, 1511இன் இறுதியில் சுமத்திராக் கரையருகே மூழ்கிய கப்பல் அதுவே. பல நாட்டு மரக்கலங்கள் வந்து சென்ற துறைமுகத்தின் கடல் வரலாற்றை உரைக்கக் கொள்ளையனின் கலமா கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. இழப்பை நினைவூட்டவே அவ்வடிவம் என ஒருவர் விடை கூறலாம். அவ்விடையில் நியாயம் உண்டு. ஆனால் பார்வையாளரின் நெஞ்சில் பதிவது கப்பலின் கம்பீரமேயன்றி இழப்பின் துயரம் அன்று. வடிவம் கருத்தை வென்றுவிடும் இடம் இது.

அரண்மனைக்கு மூலமான அந்நூல் தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு மற்றொரு செய்தியையும் வைத்திருக்கிறது. கெலிங் நாட்டிலிருந்து, அதாவது தமிழகக் கரையிலிருந்து, வந்த மணி புரிந்தன் என்பாரின் மகள் வயிற்றுப் பேரனே சுல்தான் முஸஃப்பர் ஷா என்று அது கூறுகிறது. அவ்வழியில் வந்த துன் முத்தாஹிர், அரசின் முதலமைச்சராகிய பெண்டஹாரா பதவியில் இருந்து பெருஞ்செல்வம் படைத்தார். 1510இல் சுல்தானின் ஆணையால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே நகரும் வீழ்ந்தது. இவ்வரலாற்றில் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு வீழ்ச்சியை விட்டுவிடுவது இப்ரத் ஆகாது.

கடப்பது தவறான கரையிலும் கொண்டு சேர்க்கக்கூடும். சந்திப்பைக் குறிக்கும் ‘முலாகாத்’ என்னும் அரபுச் சொல்லே மலாக்கா ஆயிற்று என்போர் உளர். அரபு கற்பிக்கும் நமக்கு இது இனிக்கத்தான் செய்கிறது. எனினும் அச்சொல்லில் உள்ளது அடித்தொண்டையில் பிறக்கும் கனத்த காஃப். ஜாவி எழுத்தில் இந்நகரின் பெயர் மெல்லிய காஃப் கொண்டே எழுதப்படுகிறது. நிறுவிய மன்னர் மலாக்கா மரத்தின் கீழ் நின்றார், அதனால் அப்பெயர் அமைந்தது என்பதே மலாய் மரபு. அம்மரம் நம் நெல்லியே. ஆசையைவிட எழுத்துக்கு மதிப்பளிப்பதே கல்வியாளருக்கு அழகு.

வாழ்பவற்றைக் காண, பொற்கொல்லர் தெரு எனப் பொருள்படும் ஜாலான் துக்காங் எமாஸ் செல்ல வேண்டும். அங்குள்ள கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748இல் மரத்தால் கட்டப்பெற்று, 1872இல் செங்கல்லால் புதுப்பிக்கப்பட்டது. மூன்றடுக்குக் கூம்புக் கூரை, சீனக் கோபுரத்தை ஒத்த மினாரா, செதுக்கு வேலை மிக்க மர மிம்பர், ஐரோப்பியத் தூண்கள் ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் இசைந்து நிற்கின்றன. அருகிலேயே 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், பழமை மிக்க செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் உள்ளன. கலிங்கம் என்பதிலிருந்து வந்ததாகக் கருதப்படும் ‘கிளிங்’ என்னும் சொல் இன்று மலேசிய இந்தியர் செவிக்கு வசையாக ஒலிக்கிறது. பள்ளிவாசலோ அப்பெயரைப் பழைய பொருளிலேயே தாங்கி நிற்கிறது. நாளும் ஐவேளை பாங்கு ஒலிப்பதால் இது எவர்க்கும் காட்சிப்பொருள் ஆகிவிடவில்லை. போலி அரண்மனையில் மன்னர் இல்லை. இப்பள்ளியில் தொழுவோர் இருக்கின்றனர். மரபுச் சின்னம் என்னும் பெயருக்கு முதல் உரிமை இதற்கே என்பது நம் துணிபு.

ஆனால் வாழ்பவை வாழ்வதற்கு மக்கள் வேண்டும். 1948க்கு முந்திய கட்டடங்களில் குடியிருந்தோரைக் காத்து வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பெற்று, 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அப்பாதுகாப்பு முடிவுற்றது. வாடகை உயர, பழைய நகர்ப்புறங்களில் தலைமுறைகளாய்க் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். அவர்தம் வீடுகள் விடுதிகளும் கடைகளும் ஆயின. சுவர்களைக் காத்து மனிதரை இழக்கும் நகரில் நாளை எஞ்சுவது வாயில்கள் மட்டுமே. தொழ ஆளில்லாத பள்ளிவாசலும் ஒரு நாள் அருங்காட்சியகமே ஆகும்.

அரபுப் பயணிகள் நம் சோழமண்டலக் கரையை ‘மஅபர்’ என்று அழைத்தனர். கடக்குமிடம் என்பது அதன் பொருள். இப்ரத் பிறந்த அதே வேரில் பிறந்த சொல். அக்கரையிலிருந்து நம் முன்னோர் மலாக்காவுக்குக் கடந்தது வணிகத்திற்காக. இன்று நாம் விமானத்தில் கடக்கிறோம், காண்பதற்காக. காண்பதோடு நில்லாமல், பள்ளியில் இரண்டு ரக்அத் தொழுது, அம்மஹல்லாவாசிகளுக்கு ஸலாம் உரைத்து, அவர்தம் நிலையைக் கேட்டறிந்து திரும்புவோமாயின், அப்பயணம் இப்ரத் என்னும் பெயருக்குத் தகுதி பெறும்.