முழங்கால் உயரத்தில் ஒரு கேமரா

ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை எப்படிப் படம் பிடிப்பது என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். 'கொண்டோம்' என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. உடைத்துக்கொண்டவன் ஒளிப்பதிவு செய்த நண்பன். நான் லென்ஸுக்குக் குடை பிடித்தேன். காட்டுப்பள்ளிக்கு மேற்கே, கழி வற்றிக் கிடந்த ஒரு காலைவேளை. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி ஒரு சாண் நீளக் குழாயைக் கையில் வைத்திருந்தாள். உப்பு அளக்கும் கருவி. அதன் முனையிலிருக்கும் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மூடியை அமுக்கி, வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பிக் கண்ணில் வைத்தால் உள்ளே ஒரு வட்டம் தெரியும். மேல் பாதி நீலம், கீழ் பாதி வெள்ளை. இரண்டும் சந்திக்கிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் உப்பு, ஆயிரத்துக்கு இத்தனை என்று. திறந்த கடலென்றால் 35 பக்கம் நிற்கும். மழைத்தண்ணீர் கலந்த கழியில் இறங்கிவிடும்.

கடைசியில் நண்பன் பெரிய கேமராவைக் கீழே வைத்துவிட்டு, தன் கைப்பேசியின் கண்ணைக் கருவியின் கண்ணோடு ஒட்டவைத்தான். திரையில் வட்டம் வந்தது. நடுங்கியது, நழுவியது, மறுபடி வந்தது. மேலே நீலம், கீழே வெளுப்பு. தலையைத் தூக்கிப் பார்த்தால் எதிரே வானமும் மணலும் அதே மாதிரி இரண்டாய்ப் பிரிந்து கிடக்கின்றன.

அந்த நேரம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்றார்.

"இன்னா பாப்பா, உப்பு எவ்ளோ காட்டுது?"

"இருபத்தெட்டு தாத்தா."

அவர் குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "இன்னும் ஏறல. எறா வர்றதுக்கு நாளாவும்" என்று சொல்லிவிட்டு நடந்தார். மாணவி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். பதினோரு நிமிடப் படத்தில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிற இடம் அதுதான்.

விஞ்ஞானிகளைப் பற்றிய குறும்படங்கள் பெரும்பாலும் ஒரே குழியில் விழுகின்றன. புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார வைத்து, சட்டைக் காலரில் மைக் குத்தி, பெயரையும் பட்டத்தையும் கீழே ஓடவிட்டு, "சொல்லுங்க சார்" என்று தொடங்கிவிடுகிறார்கள். சார் சொல்லுவார். நடுநடுவே பறவை பறக்கும், புல்லாங்குழல் அழும். அறிவியல் என்பது பேசப்படுகிற ஒன்று என்ற நினைப்பிலிருந்து வருகிற கோளாறு இது. பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அறிவியலில் முக்கால்வாசி கைவேலை. சேறு அள்ளுவது, சலிப்பது, எண்ணுவது, எண்ணியதைத் தப்பென்று அடித்துவிட்டு மறுபடி எண்ணுவது. குயவரைப் படமெடுக்கிறவன் அவர் கையை எடுப்பான். விஞ்ஞானியை எடுக்கப் போனால் மட்டும் ஏன் வாயையே எடுக்கிறோம்?

பிரான்சில் ழான் பென்லெவே என்று ஒருவர் இருந்தார். உயிரியல் படித்துவிட்டுக் கேமராவைத் தூக்கியவர். மீன்முட்டைக்குள் கரு வளர்வதைப் படமாக்கி 1928-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் போட்டுக் காட்டியபோது, சினிமாவை எல்லாம் அறிவியலாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி ஒரு விஞ்ஞானி எழுந்து போய்விட்டார் என்பார்கள். பென்லெவே கவலைப்படவில்லை. ஆண் கடற்குதிரை பிள்ளை பெறுவதை 1934-இல் படமாக எடுத்துச் சாதாரண ஜனங்களைத் தியேட்டரில் உட்கார வைத்தார். வியப்பும் துல்லியமும் ஒரே சட்டகத்தில் நிற்கும் என்று அன்றைக்கே காட்டிவிட்டார். நாம்தான் வியப்புக்கு ட்ரோனையும் துல்லியத்துக்குப் பேட்டியையும் தனித்தனியே வாடகைக்கு எடுக்கிறோம்.

ட்ரோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டுப்பள்ளியில் எங்களுக்கு அது வாய்க்கவில்லை. ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் அனல்மின் நிலையம். அனுமதி என்ற பேச்சே எழவில்லை. முதல் நாள் நண்பன் சோர்ந்து போனான். எடிட் மேசையில்தான் தெரிந்தது, அது கிடைக்காமல் போனதே புண்ணியம் என்று.

மேலிருந்து பார்த்தால் காட்டுப்பள்ளி என்ன? கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றுக் கழியும், நடுவே வடக்கே பழவேற்காட்டைப் பார்த்து ஓடும் ஒரு மணல் நாடா. அந்த நாடாவின் மேல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று 2010-இலிருந்து இருக்கிறது, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் வகையில் கட்டியது. எல் அண்ட் டி கட்டி, 2018-இல் அதானி வாங்கிய துறைமுகம் இருக்கிறது. அதை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் காகிதத்தில் இருக்கிறது. அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பது. 2021 ஜனவரியில் வைத்த கருத்துக்கேட்புக் கூட்டமும் நடக்கவில்லை, 2023 செப்டம்பரில் வைத்ததும் நடக்கவில்லை. இவையெல்லாம் மேலிருந்து அழகாகத் தெரியும். கிரேன்கள், வண்ண வண்ணமாய் அடுக்கிய கன்டெய்னர்கள், புகைபோக்கிகள். தெரியாதது சேறு. உயரத்திலிருந்து பார்க்கும்போது சேற்றுத்திட்டு வெறும் பழுப்பு. யாரும் குடியில்லாத இடம். எதையும் கட்டலாம் என்று தோன்றும். வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு எது தெரியுமோ அதுவே ட்ரோனுக்கும் தெரிகிறது. இப்படிப்பட்ட இடத்தைக் காப்பாற்ற நினைக்கும் படம் எதிர்த்தரப்பின் கண்ணைக் கடன் வாங்கலாமா?

ட்ரோன் இல்லாததால் ட்ரைபாடைத் தாழ்த்தினோம். அதன் கால்கள் சேற்றில் தாமாகவே இன்னும் தாழ்ந்தன. முழங்கால் உயரத்துக்கு வந்ததும் திட்டு வேறொரு ஊராகிவிட்டது. வளைக்கு வளை நண்டு. ஒரு கை மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அதைத் தூக்கித் தூக்கிக் காட்டுகின்றன. உள்ளான்கள் ஓடுகின்றன. குட்டை அலகுப் பறவை மேல்சேற்றைக் கொத்துகிறது, நீள அலகு மூக்கன் அதே இடத்தில் ஆழத்தில் துழாவுகிறது. ஒரே சேறு, அடுக்கடுக்காய்ப் பந்தி. மாணவி தன் குழாயைக் குத்தி எடுத்த சேற்றைச் சல்லடையில் கொட்டித் தண்ணீர் விட்டபோது, அந்தப் பந்தியில் பரிமாறுவது என்னவென்று தெரிந்தது. நூலிழை போலப் புழுக்கள், அரிசிமணி அளவில் மட்டி, கண்ணாடி போல இறால் குஞ்சு ஒன்று துள்ளி வெளியே விழுந்தது. அவள் அதை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். நண்பன் அந்த நாலு விநாடியை வெட்டவில்லை. கெட்டிக்காரன்.

இந்த மண்ணில் எடுத்த படங்களில் எல்லாரும் பார்த்தது 'சென்னை புறம்போக்குப் பாடல்'. 2017 ஜனவரியில் வந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, மெட்டமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி.எம். கிருஷ்ணா, இயக்கியவர் ரதீந்திரன் ஆர். பிரசாத். பத்து நிமிடத்துக்குள் முடிகிற அதை இசைக் காணொளி என்று ஒதுக்குவார்கள். எனக்கு அது குறும்படம். ஆனந்தபைரவி, பேகடா என்று கச்சேரி மேடைக்குப் பழகிய ராகங்களைச் சென்னைப் பேச்சுத்தமிழின் மேல் போர்த்தி, பாடகரை எண்ணூர்க் கழியில், அனல்மின் நிலையத்துக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினார்கள். வசவாகிப்போன 'புறம்போக்கு' என்ற சொல்லை எடுத்துத் துடைத்து, ஊருக்குப் பொதுவானது என்ற அதன் பழைய பொருளைக் காட்டினார்கள். ஒரு நிலவியல் பாடத்தை ஒரு சொல்லுக்குள் அடக்கிய வேலை அது.

ரதீந்திரனுக்கு இது புதிதில்லை. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் காணொளியை 2015-இல் எடுத்தவர் அவர். அடுத்த ஆண்டே முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷப் போராட்டத்தின் கடைசித் தள்ளு அது என்று வேண்டுமானால் சொல்லலாம், அதற்குமேல் சொன்னால் தெருவில் நின்றவர்களுக்கு அநியாயம்.

புறம்போக்குப் பாடலில் எனக்கு ஒரு குறை உண்டு. கிருஷ்ணாவின் முகம் நம்மை விடுவதில்லை. அத்தனை பாவம் காட்டுகிற முகம் சட்டகத்தில் இருக்கும்போது பின்னாலிருக்கும் சாம்பல் வெறும் படுதா ஆகிவிடுகிறது. எங்காவது ஒரு பத்து விநாடி பாட்டை ஓடவிட்டு, கேமராவைச் சேற்றின்மேல் அப்படியே வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

வைத்திருக்கத் தெரிந்தவர் சென்னையிலேயே இருக்கிறார். சேகர் தத்தாத்ரி. சிறுவனாகக் கிண்டி பாம்புப் பண்ணையில் ஒட்டிக்கொண்டவர், சைலன்ட் வேலி காட்டைப் பற்றி எடுத்த படத்தால் பெயர் பெற்றவர். பெரிய தொலைக்காட்சிகளுக்குப் படமெடுத்துக்கொண்டிருந்தவர் 2000-க்குப் பிறகு பாதையை மாற்றி, காட்டைக் காப்பாற்ற உதவும் சின்னப் படங்கள் பக்கம் திரும்பினார். குதிரேமுக் இரும்புத்தாது சுரங்கத்தைப் பற்றி அவர் 2001-இல் எடுத்த குறும்படத்தைப் பாருங்கள். மலையைக் கரைத்த மண் பத்ரா ஆற்றில் எப்படி இறங்குகிறது என்பதை அது காட்டுகிறது. கண்ணீர் கிடையாது. காரணம், விளைவு, காரணம், விளைவு என்று வழக்கறிஞர் கட்டு அடுக்குவது மாதிரி அடுக்குகிறது. காட்டுயிர் ஆர்வலர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-இல் உத்தரவிட, 2005 முடிவில் சுரங்கம் நின்றது. கோடிப் பேருக்காக எடுத்த படமில்லை, முடிவெடுக்கிற நாலு பேருக்காக எடுத்தது. யாருக்குக் காட்டப்போகிறோம் என்று தெரிந்தபின் ஷாட் வைப்பதும் ஒரு கலை.

எங்களுக்கு இடித்த இன்னொரு சிக்கல், காலம். இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் ஏறியதும் இதே கணக்குதான். காட்டுப்பள்ளிக்கு வடக்கேயும் அதே கதை. ஆனால் கரை கரைவதை எந்த ஷாட்டில் காட்டுவது? பனிப்பாறைகள் கரைவதைக் காட்ட ஜேம்ஸ் பலோக் என்ற புகைப்படக்காரர் 2007 முதல் வருஷக்கணக்காக ஒரே இடத்தில் கேமராக்களை நட்டுவைத்தார்; 2012-இல் 'சேஸிங் ஐஸ்' என்று படமாக வந்தது. எங்களிடம் இருந்தது வாடகைக் கேமரா, நாலு நாள். மாணவி ஒரு கம்பத்தில் நாடாவின் நுனியைக் கட்டிவிட்டு, தண்ணீர் விளிம்புவரை நடந்து எண்ணைச் சொன்னாள். பிறகு நோட்டைப் புரட்டி, பழைய எண்களைத் தேதியோடு வாசித்தாள். அவ்வளவுதான். நாடா காற்றில் படபடக்கிறது, எண்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இதைவிட நல்ல வரைகலை எதையும் நான் பார்க்கவில்லை.

நான்காம் நாள் இருளர் பெண்கள் இறால் பிடிக்க இறங்கினார்கள். வலை கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் தவழ்ந்தபடி, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி, அகப்பட்டதை எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பறிக்குள் போடுகிறார்கள். பறி ஓலைப்பின்னல். வாயில் பறி இருப்பதால் பேச முடியாது, ஆகவே பேட்டியும் இல்லை. கை தண்ணீருக்கடியில், ஆகவே அதுவும் தெரியாது. கேமராவுக்குக் கிடைத்தது தோள்கள், கழுத்து, எங்கேயோ நிலைத்த பார்வை. விரல் நுனியில் எது கல், எது நண்டு, எது இறால் என்று பிரிந்துகொண்டிருப்பது முகத்தில் மட்டும் தெரிகிறது. சல்லடை வைத்த மாணவி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் தெரிந்த சேறு ஒன்றே. எடிட்டில் நண்பன் இருவரையும் அடுத்தடுத்து வைத்தான். விளக்கக் குரல் ஒன்று எழுதித் தரச் சொன்னான். எழுதினேன், அவனே எடுத்துவிட்டான்.

மொழிச் சண்டை ஒன்றும் நடந்தது. மாணவிக்கு விஷயமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் சினிமாவின் வரலாற்றையும் காட்டுயிரையும் ஒரே கையால் எழுதிய சு. தியடோர் பாஸ்கரன், இயற்கையைப் பற்றிப் பேசத் தமிழில் ஏற்கெனவே இருக்கும் சொற்களை மறக்கிறோம் என்று வருந்துகிறவர். அவரை நினைத்துக்கொண்டு சொற்பட்டியல் ஒன்று தயாரித்தேன். தேவைப்படவில்லை. கழி, வற்றம், முகத்துவாரம், பாடு என்று பெரியவர் பேசப் பேச அவளும் அதிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள்.

படப்பிடிப்பு முடியும்போது ஒலிப்பதிவுக்காரர் எல்லாரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்வது வழக்கம். வெட்டும் இடங்களுக்கு அடியில் போட, அந்த இடத்தின் வெறும் ஒலி வேண்டும். பொழுது சாய்ந்திருந்தது. நின்றோம். பெரியவரும் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்துத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். தூரத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று பின்னால் வரும் கீச்சொலி. அது ஓய்ந்ததும், காலடியில் சேறு பொரிவது கேட்டது. வற்றிய வளைகளில் காற்று வெடித்து, ஆயிரம் இடத்தில், எண்ணெயில் கடுகு போட்டது போல. ஒலிப்பதிவுக்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி ஒன்றும் சொல்லாமல் பெரியவர் காதில் வைத்தார். அவர் கொஞ்ச நேரம் கேட்டார்.

"இது தெனமும் கேக்கறதுதானே" என்றார். ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.