ஷட்டர் அடிக்கிறது, கேமரா சரியாகிவிட்டதா?

பழைய ஃபிலிம் கேமராவை வீட்டிலேயே பழுதுபார்ப்பவர்கள் வெற்றிக்கு வைத்திருக்கும் அளவுகோல் மிகத் தாழ்வானது. பட்டனை அழுத்தினால் ஷட்டர் அடிக்க வேண்டும்; அடித்துவிட்டால் வேலை முடிந்தது. இந்த அளவுகோல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு யாஷிகா எலெக்ட்ரோ 35 ஒன்றே போதும். 1966-இல் வெளிவந்த இந்தக் கேமரா பேட்டரி இல்லாமலும் அடிக்கும். ஆனால் எப்போதும் ஒரே வேகத்தில்தான்: விநாடியில் 500-இல் ஒரு பங்கு. உச்சி வெயிலில் எடுத்த படங்கள் ஒருவாறு தேறும். வீட்டுக்குள் எடுத்த படங்கள் வெற்று ஃபிலிமாகவே திரும்பும்.

எலெக்ட்ரோவை உரைகல்லாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அதன் சிறப்பும் குறையும் ஒரே இடத்தில் பிணைந்து கிடக்கின்றன. 45 மி.மீ., எஃப் 1.7 லென்ஸின் துளை அளவை நாம் வைத்தால், 30 விநாடி முதல் 1/500 வரை எந்த நேரத்தையும் மின்சுற்றே தேர்ந்துகொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால் மஞ்சள் விளக்கு, மிஞ்சினால் சிவப்பு விளக்கு. அந்தக் காலத்துக்கு இது அசல் சாதனை. ஆனால் இத்தனை நுட்பமும் உள்ளே இருக்கும் ஒரு சின்ன ரப்பர் துண்டை நம்பி நிற்கிறது. பட்டனுக்கும் மின்தொடுப்புகளுக்கும் நடுவே உள்ள கோலின் அசைவை வரையறுப்பது அதுதான். ரப்பர் மக்கி உதிர்ந்ததும், தொடுப்புகள் திறந்து மூடும் வரிசை குலைந்துவிடுகிறது. இருபது ஆண்டு வாழாத பொருளை ஐம்பது ஆண்டு உழைக்கும் இயந்திரத்தின் நடுவில் வைத்தது வடிவமைப்பின் பிழை. அதைக் காலத்தின் தலையில் கட்ட முடியாது.

இந்தப் பழுதைக் கண்டறிய திருப்புளி தேவையில்லை என்பதுதான் அழகு. ஃபிலிம் நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அது கேட்காவிட்டால் ரப்பர் மேல் ஐயம் கொள்ளலாம். அடுத்து, ஒளியுணரியை விரலால் மூடி அடித்துப் பார்த்தால், ஷட்டர் நெடுநேரம் திறந்து நிற்க வேண்டும். பேட்டரியோடும் பேட்டரி இன்றியும் ஒரே வேகத்தில் அடிக்கிறதென்றால், சுற்று ஆட்டத்திலேயே இல்லை என்று பொருள். பேட்டரி சோதனை விளக்கே எரியாவிட்டால் ரப்பரைத் தேடுவது வீண். கசிந்த பேட்டரியின் உப்பு தொடுப்பை மட்டுமல்ல, அதனோடு சேரும் கம்பியையும் உறைக்குள்ளேயே கருக்க வைத்திருக்கும். வினிகர் தொட்டுத் தகட்டைப் பளபளப்பாக்கிவிட்டுக் கம்பியை விட்டுவிடுபவர்களே அதிகம். தகடு மின்னும், விளக்கு எரியாது.

கேமராவைத் திறக்குமுன் இந்தச் சோதனைகளைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் இடையில்தான் நான் கோடு கிழிப்பேன். கைத்திறன் பிறகு. ஜப்பானியக் கேமராவின் திருகுகளுக்கு அந்நாட்டு அளவுக்குச் செய்த திருப்புளி வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளி தலையை மழுக்கிவிடும் என்பது உண்மையே. ஆனால் மழுங்கிய திருகைவிடத் தவறான இடத்தில் திறக்கப்பட்ட கேமரா அதிகச் சேதம் கண்டிருக்கும்.

பேட்டரி விஷயத்தில் எலெக்ட்ரோ மன்னிக்கும் குணம் உடையது. 5.6 வோல்ட் பாதரசப் பேட்டரி இன்று இல்லை. 6 வோல்ட் பேட்டரியை ஒரு ஸ்பிரிங்கோடு பொருத்தினால் அதன் சுற்று அந்த வேறுபாட்டைப் பெரிதுபடுத்துவதில்லை. இதை வைத்து எல்லாக் கேமராவுக்கும் அதே வைத்தியம் செய்வது பிழை. ஒலிம்பஸ் ஓஎம்-1 கேட்பது 1.35 வோல்ட், 1.5 வோல்ட் அல்கலைன் செல்லைப் போட்டால் மீட்டர் இருப்பதைவிட அதிக வெளிச்சம் காட்டும், படம் இருண்டு வரும். காது கேட்கும் கருவிக்கான துத்தநாக-காற்று செல் ஏறக்குறைய சரியான வோல்ட்டைத் தரும், சில வாரங்களுக்கு மட்டும்.

ஒளிக்கசிவைத் தடுக்கும் நுரைப் பட்டைகளை மாற்றுவது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தாராக உருகி விரலில் ஒட்டும் பழைய நுரையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டி எடுத்து, காடியில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தால் போதும். ரிஃப்ளெக்ஸ் கேமராவில் கண்ணாடியைத் தாங்கும் நுரையை எடுக்கும்போது மட்டும் கவனம் தேவை. அந்தக் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால் ஒரு துடைப்பே கீறலாகிவிடும்.

இதழ் ஷட்டர் ஒட்டிக்கொண்டால் லைட்டர் பெட்ரோலை ஊற்றி ஆட்டுவது பரவலான முறை. பலன் உடனே தெரியும், நிலைக்காது. பெட்ரோல் பழைய கிரீஸைக் கரைத்து, உலர்ந்தே இருக்க வேண்டிய இதழ்களின் மேலேயே பரப்பிவிட்டு ஆவியாகிறது. லென்ஸின் முன்பகுதியைக் கழற்றி, கறை வராத வரை திரும்பத் திரும்பத் துடைத்தெடுத்தால் அது சிகிச்சை. வெறுமனே ஊற்றினால் ஒத்திவைப்பு. 1976-இல் வந்த கேனன் ஏஇ-1 முனகத் தொடங்கினால் கண்ணாடி இயக்கத்தின் பல்சக்கரத்துக்கு ஊசிமுனையில் எண்ணெய் விடுவது இதைவிட நியாயமான முறை, ஏனெனில் அங்கே உண்மையிலேயே எண்ணெய் வறண்டிருக்கிறது. ஆனால் ஒரு சொட்டு கூடினால் எண்ணெய் ஷட்டர் பக்கம் போய்ச் சேரும்.

சரி, வேகத்தை அளப்பது? ஃபோனில் சத்தத்தைப் பதிவு செய்து விநாடியில் 30-இல் ஒரு பங்கு வரை நம்பலாம். பென்டாக்ஸ் கே1000-இன் துணித்திரை 1/1000-இல் ஓடும்போது சத்தம் எதையும் சொல்லாது. படத்தின் ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் திரைகளின் இடைவெளி மாறினாலும் காதுக்குத் தெரியாது. பழைய பிக்சர்-டியூப் டிவி இருந்தால், கேமராவின் பின்கதவைத் திறந்து ஷட்டர் வழியே அதைப் பார்க்கலாம். சாய்ந்து தெரியும் ஒளிப்பட்டை ஒரே அகலத்தில் இருந்தால் நல்லது, ஒரு முனையில் குறுகினால் திரைகள் ஒத்து ஓடவில்லை. அதைக் கண்டதும் விறைப்புத் திருகைத் திருப்பத் தோன்றும். ஒரு வேகம் சீராகும், மற்றவை கெடும். அளவுகருவி இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பதே நேர்மை.

இன்னொரு சலுகையையும் ரத்து செய்ய வேண்டும். பழுதுபார்த்த கேமராவை நெகட்டிவ் ஃபிலிமில் சோதிப்பது தேர்வுத்தாளை நண்பரிடம் திருத்தக் கொடுப்பது போன்றது. அது இரண்டு ஸ்டாப் மிகையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஸ்லைடு ஃபிலிம் அரை ஸ்டாப் பிழையைக்கூட மறைக்காது. அந்தத் தேர்வில், டொக் சத்தத்தைக் கேட்டறிந்து எலெக்ட்ரோவின் ரப்பரை மாற்றியவரின் வேலை நிற்கும். ஓஎம்-1-இல் அல்கலைன் செல்லைப் போட்டுவிட்டு மீட்டர் முள் அசைவதைப் பார்த்து நிறைவடைந்தவரின் வேலை நிற்காது. கே1000-இன் திரைத்திருகை ஊகத்தில் திருப்பியவருடையது நிற்க வழியே இல்லை.