மூவகை அமைதி
பிரெஞ்சு நாட்டுப்புற மிதிவண்டிப் பயண இலக்கியம் குறித்த ஒரு திறனாய்வு

பயண இலக்கியத்தை ஆராய்வோர், எழுத்தாளன் கண்ட இடங்களையும் அவற்றை அவன் வருணித்த அழகையும் கொண்டே பெரும்பாலும் அதனை மதிப்பிடுகின்றனர். அவன் எவ்வாறு பயணம் செய்தான் என்னும் வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்படுவதில்லை. ஆயினும் பயணத்தின் வேகம் பார்வையின் இயல்பையே மாற்றிவிடுகிறது. புகைவண்டியின் பலகணி வழியே ஒரு நாட்டைக் கண்டவனும், அதே நாட்டின் மேட்டையும் பள்ளத்தையும் தன் கால்களால் அளந்தவனும் ஒரே நூலை எழுத இயலாது. இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்துவது, பிரான்சு நாட்டின் சிற்றூர்ச் சாலைகளில் மிதிவண்டிப் பயணத்தை ஒட்டி எழுந்த இலக்கியமாகும்.

இவ்விலக்கியத்தில் திரும்பத் திரும்ப வரும் பொருள் அமைதி. வண்டிகளின் இரைச்சலற்ற சாலை, இருபுறமும் வயல், தொலைவில் ஒரு கோயில் மணி என்று இவ்வமைதி போற்றப்படுகிறது. வாசகரும் அதனை இயற்கை அளித்த கொடையென எண்ணிச் சுவைக்கின்றனர். திறனாய்வாளர் அங்கேயே நின்றுவிடலாகாது. அவ்வமைதி எங்கிருந்து வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தனர் என்று கேட்டாக வேண்டும்.

இவ்வாய்வுக்குத் தமிழ் மாணவர் நன்கறிந்த அளவுகோல் ஒன்று உதவும். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்னும் பாகுபாடே அது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அந்நிலத்து மக்களின் உணவும் தொழிலும் மரமும் விலங்கும் கருப்பொருள்; நெஞ்சில் எழும் உணர்வு உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும்போதே நிலம் இலக்கியமாகிறது. அகப்பாடலுக்கென வகுத்த இலக்கணத்தைப் பிறநாட்டு உரைநடையின்மேல் அப்படியே சுமத்துதல் பொருந்தாது எனினும், ஒரு நூலில் எது நிறைந்துள்ளது, எது குறைந்துள்ளது என்று காண்பதற்கு இது துணைசெய்யும்.

முதலில் கருதத்தக்கது மொரீஸ் லெப்ளாங் எழுதி 1898-இல் நூலாக வெளிவந்த நாவல். 'இதோ சிறகுகள்' என்பது அதன் பெயரின் பொருள். ஆர்சேன் லுபேன் என்னும் திருடனைப் படைத்துப் பின்னாளில் பெரும்புகழ் எய்திய லெப்ளாங், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் எழுதிய நாவல் இது. பாரிசைச் சேர்ந்த இரு தம்பதியர் மிதிவண்டிகளில் நார்மண்டி, பிரித்தானி ஆகிய பகுதிகளில் சுற்றுப்பயணம் மேற்கொள்கின்றனர். நாள்கள் செல்லச் செல்ல நகர வாழ்வின் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக அவர்களிடமிருந்து கழன்று விழுகின்றன. பெண்கள் உடலை இறுக்கும் கச்சைகளைக் களைகின்றனர். முடிவில் திருமண உறவுகளே இடம் மாறிவிடுகின்றன.

அக்காலச் சூழலில் இக்கதை துணிவுடையது. காற்றடைத்த ரப்பர் சக்கரத்தை டன்லப் 1888-இல் உருவாக்கிய பின்னரே நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணம் உடலுக்கு ஏற்றதாயிற்று. 1890-இல் மிதிவண்டி ஆர்வலர்கள் பிரான்சில் சுற்றுலாக் கழகம் ஒன்றை நிறுவினர். மோட்டார் வண்டி அரிதாகவே கண்ணிற்பட்ட அந்நாளில் சாலைகள் தாமாகவே அமைதி கொண்டிருந்தன. லெப்ளாங்கின் மாந்தர்க்கு அமைதி கேளாமலே கிடைத்த செல்வம். ஆதலின் அதைப் பற்றி அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனுள் நுழைந்து தம்மையே கண்டெடுக்கின்றனர்.

இந்நாவலின் வலிமையும் குறையும் இங்கேயே உள்ளன. முதற்பொருளும் உரிப்பொருளும் இதில் அழகுற இணைகின்றன. சாலை திறக்கத் திறக்க நெஞ்சமும் திறக்கிறது. ஆனால் கருப்பொருள் மெலிந்து கிடக்கிறது. கதையின் கவனம் அந்நால்வரின் மேலேயே குவிந்திருப்பதால், அவர்கள் கடந்து செல்லும் ஊர்களில் உழுதும் விதைத்தும் வாழ்வோர் கதைக்குள் வருவதில்லை. மிதிவண்டி அன்று விலையுயர்ந்த பொருள். வாரக்கணக்கில் வேலையின்றிச் சுற்றும் ஓய்வு அதனினும் அரிய பொருள். சிறகு பெற்றவர்கள் செல்வர்கள் மட்டுமே. பிரெஞ்சுத் தொழிலாளர்க்குச் சம்பளத்துடன் கூடிய இரு வார விடுமுறை 1936-இல்தான் சட்டமாயிற்று. அக்கோடையில் மிதிவண்டியிலும் இருவர் மிதிக்கும் வண்டியிலும் கடலைக் காணப் புறப்பட்ட உழைப்பாளர் பலர். லெப்ளாங் பாடிய விடுதலை பொதுவுடைமையாவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அதே காலத்தில் வேறொரு வகை எழுத்தும் வளர்ந்தது. 'வெலோசியோ' என்னும் புனைபெயரால் அறியப்பட்ட போல் த விவி, செயிந்த் எத்தியேன் நகரில் 1887-இல் மிதிவண்டிக்கென ஓர் இதழைத் தொடங்கினார். பந்தயத்தை அவர் விரும்பவில்லை. பயணிக்கு அவர் வகுத்த நெறிகள் எளியவை: பசிக்குமுன் உண், தாகத்துக்குமுன் பருகு, தன்னகங்காரத்தின் பொருட்டு ஒருபோதும் மிதிக்காதே என்பன போன்றவை அவை. இந்நெறிகளை வெறும் உடல்நலக் குறிப்புகளாகக் கொள்வது தவறு. தன்னை முன்னிறுத்தாதவனுக்கே நிலம் தன்னைக் காட்டும் என்னும் எழுத்துக்கொள்கை ஒன்று அவற்றுள் உறைகிறது. 1930-இல் அவர் தம் நகரத்தின் தெருவில் டிராம் மோதி இறந்தார். அமைதியான சாலையின் காலம் முடிந்துகொண்டிருந்தது என்பதற்கு அவருடைய முடிவே சான்று.

இரண்டாம் அமைதி முற்றிலும் வேறானது. சிமோன் தெ பொவ்வாரின் தன்வரலாற்றில் 1960-இல் வெளிவந்த இரண்டாம் தொகுதி, செருமானியர் பிடியில் பிரான்சு இருந்த காலத்தை விரித்துரைக்கிறது. 1940-இல், முப்பது வயதைக் கடந்த பின்னரே, அவர் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். 1941-ஆம் ஆண்டுக் கோடையில் அவரும் சார்த்தரும் மொன்சோ லெ மீன் என்னும் சுரங்க நகரின் அருகே, செருமானியர் வகுத்த எல்லைக்கோட்டைக் களவாகக் கடந்து தெற்கே சென்றனர். எதிர்ப்பியக்கம் ஒன்றுக்கு ழீத், மால்ரோ ஆகிய எழுத்தாளர்களின் துணையைப் பெறுவது அவர்தம் நோக்கம். நோக்கம் நிறைவேறவில்லை. திரும்பும் வழியில் பொவ்வார் வண்டியிலிருந்து வீழ்ந்து ஒரு பல்லையும் இழந்தார்.

அந்தக் கோடையிலும் பிரெஞ்சுச் சாலைகள் அமைதியாகவே இருந்தன. பெட்ரோல் கிடைக்காமையால் மோட்டார் வண்டிகள் அடங்கிப் போயிருந்தன. 1898-இன் அமைதி வண்டிகள் வருவதற்குமுன் இருந்த அமைதி. 1941-இன் அமைதி வண்டிகள் வாயடைக்கப்பட்ட அமைதி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொருளால் வேறு. பொவ்வாரின் சிறப்பு, மிதிவண்டி தந்த மகிழ்ச்சியை அவர் மறைக்காமையாகும். நாடு அடிமைப்பட்டிருக்கையில் மேட்டிலிருந்து இறங்கும் இன்பத்தை எழுதலாமா என்று கூசி அவர் அதனை விலக்கவில்லை. அதேபோல் உணவுத் தட்டுப்பாட்டையும் அவர் மறைக்கவில்லை. லெப்ளாங்கிடம் மெலிந்திருந்த கருப்பொருள், இங்கே உணவு கிடைக்குமா என்னும் அன்றாடக் கவலையாக உள்ளே நுழைந்துவிடுகிறது. இன்பமும் அச்சமும் ஒரே சாலையில் செல்வதை ஏற்றுக்கொண்டதால் அவருடைய உரைநடை உண்மை பெறுகிறது.

மூன்றாம் அமைதி இக்காலத்தது. இது கட்டப்பட்ட அமைதி. பர்கண்டிப் பகுதியில் ழிவ்ரி முதல் குளூனி வரை, கைவிடப்பட்ட இருப்புப்பாதையின்மேல் 44 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்த 'பசும்பாதை' 1997-இல் திறக்கப்பட்டது. பிரான்சின் முதற் பசும்பாதையென அது போற்றப்படுகிறது. மோட்டார் வண்டிக்கு இடமின்றி, நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் குதிரையேறுவோர்க்கும் உரியதாக இத்தகு பாதையைச் சாலைச் சட்டம் 2004-இல் வரையறுத்தது. லுவார் ஆற்றை ஒட்டிய மிதிவண்டி வழி இன்று ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. புகைவண்டிக்கென அமைத்த பாதையாதலின் ஏற்றம் மிகக் குறைவு. முதியோரும் சிறுவரும் இளைப்பின்றிச் செல்லலாம். சிறகு செல்வர்க்கு மட்டும் உரியதன்று என்னும் நிலை இங்கே மெய்யாகிறது. பொவ்வார் எல்லைக்கோட்டைக் களவாகக் கடந்த மொன்சோ லெ மீன் நகரும் இப்பாதை செல்லும் மாவட்டத்திலேயே உள்ளது என்பது எண்ணத்தக்கது.

இத்தகு தனிப்பாதைகளேயன்றி, மிஷ்லின் நிலப்படங்களில் வெள்ளைக் கோடுகளாகத் தோன்றும் சிறு சாலைகளையும் பயணிகள் நாடுகின்றனர். அச்சாலைகளில் பல மணி நேரம் ஒரு மோட்டார் வண்டியும் எதிர்ப்படாமல் செல்ல இயலும். வழிகாட்டி நூல்கள் இதனை வியந்து போற்றுகின்றன. அவ்வியப்புக்குப் பின்னால் ஒரு துயரம் உள்ளது. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையினர் ஏறத்தாழ 14 இலட்சம் பேர் மாண்டனர். சிற்றூர்தோறும் நிற்கும் நினைவுக்கல் அவ்வூர் இளைஞரின் பெயர்களைத் தாங்கியுள்ளது. பின்னர் எந்திரங்கள் வயலுக்கு வந்தன. இளையோர் நகரங்களுக்குச் சென்றனர். பள்ளி மூடப்பட்டது, ரொட்டிக்கடை மூடப்பட்டது, புகைவண்டியும் நின்றது. பயணி அமைதியெனப் போற்றுவதை, அவ்வூர் முதியவர் வெறுமையென உணரக்கூடும்.

இந்த முரண்பாட்டை எதிர்கொள்ளும் எழுத்தே இன்று தேவை. செயிந்த் எத்தியேனில் பிறந்த போல் ஃபூர்னெல் 2001-இல் வெளியிட்ட மிதிவண்டிக் கட்டுரைகள், இத்துறையில் அண்மைக்கால எழுத்தின் நல்ல எடுத்துக்காட்டு. சிறு சிறு பகுதிகளாக, மிகைச்சொல் இன்றி, உடலின் அனுபவத்தை அவர் எழுதுகிறார். சாலையின் சாய்வும் காற்றின் திசையும் தசையின் வலியும் அவரிடம் சொற்களாகின்றன. ஆயினும் அது மிதிப்பவனின் உள்ளிருந்து எழும் எழுத்து. பாதையோரத்தில் வாழ்பவனின் பார்வையில் அம்மிதிவண்டி எவ்வாறு தோன்றுகிறது என்று கூறும் நூலுக்கு இத்துறையில் இன்னும் இடம் காலியாகவே உள்ளது.

வழிகாட்டி நூல்கள் இப்பணியைச் செய்ய இயலாது. எங்கே உணவு கிடைக்கும், எங்கே உறங்கலாம் என்று கூறுவது அவற்றின் கடமை. அதனை அவை செம்மையாகவே செய்கின்றன. இலக்கியம் அதற்கு மேலும் ஒன்றைச் செய்தாக வேண்டும். மூடப்பட்ட புகைவண்டி நிலையத்தின் முன் மிதிவண்டியை நிறுத்தி நீர் பருகும் பயணி, அந்நிலையத்தில் ஒருகாலத்தில் பால்குடங்களோடும் மூட்டைகளோடும் காத்திருந்தோரை ஒரு கணமாவது எண்ணிப் பார்க்குமாறு செய்வது இலக்கியத்தின் பணி. அவ்வெண்ணம் பயணத்தின் இன்பத்தைக் குறைத்துவிடாது. பொவ்வார் அதனை மெய்ப்பித்துள்ளார்.

பயண நூல்களைக் கற்பிக்கும் ஆசிரியரும் கற்கும் மாணவரும் ஒரு பழக்கத்தை மேற்கொள்ளலாம். நூலில் ஒரு நிலம் அமைதியாக இருப்பதாக எழுதப்பட்டிருந்தால், வருணனையின் அழகைப் பாராட்டிய பின்னர், அவ்வமைதி அங்கு வாழ்ந்தோர்க்கு எவ்வாறு வந்தது என்று அடுத்த வினாவை எழுப்ப வேண்டும். லெப்ளாங்கின் நாவலில் அவ்வினாவுக்கு விடையில்லை. பொவ்வாரிடம் விடை உண்டு. இருவருமே படிக்கத் தக்கவர்கள். ஆனால், இருவரையும் ஒரே நிரையில் வைத்தல் தகாது.