தண்டிக்கப்பட்ட வீரனும் நாம் கற்பிக்கும் அறமும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மதுரைவீரன் கதை

முன்னுரை

நன்மை வெல்லும், தீமை வீழும் என்பதே தொன்மக் கதைகள் உணர்த்தும் அறம் என்று நம் வகுப்பறைகள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றன. நரகாசுரன் கதையும் மகிடாசுரன் கதையும் இக்கூற்றுக்கு நன்கு பொருந்துவன. அசுரன் கொடுமை செய்கிறான். தெய்வம் தோன்றி அவனை அழிக்கிறது. கேட்போர் ஆறுதல் அடைகின்றனர். ஆயின், நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வணங்கிய தெய்வங்களுள் சில இவ்வரையறைக்குள் அடங்கவில்லை. மதுரைவீரன் பகைவனை வென்று தெய்வமானவன் அல்லன். அரசாணையால் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்த பின்னர்த் தெய்வமானவன். காத்தவராயன் கழுவேற்றப்பட்டவன். இத்தகைய கதைகளில் வீரன் யார், அரக்கன் யார், அறம் எது என்னும் வினாக்களை எழுப்பி, அவற்றை நாம் கற்பிக்கும் முறையினை மீளாய்வு செய்ய இக்கட்டுரை முற்படுகிறது.

கதையும் அதன் அடுக்குகளும்

கதைப்பாடல் கூறும் செய்தி தமிழாசிரியர் பலரும் அறிந்ததே. காசி மன்னனுக்கு மகனாகக் கொடி சுற்றிப் பிறந்த குழந்தை, நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்படுகிறது. செருப்புத் தைக்கும் தொழிலினரான ஒரு தம்பதியர் அதனை எடுத்து வளர்க்கின்றனர். வளர்ந்த வீரன், பொம்மண நாயக்கரின் மகள் பொம்மியை விரும்பிச் சிறையெடுக்கிறான். பின்னர் மதுரைப் பகுதியில் கள்வரை அடக்கும் பணி அவனுக்குத் தரப்படுகிறது. அதில் வெற்றி பெற்றவன், வெள்ளையம்மாளை நாடிச் சென்ற இரவில் பிடிபட்டுத் தண்டனைக்குள்ளாகிறான். திருமலை நாயக்கர் (1623-1659) காலத்தோடு இணைத்துச் சொல்லப்படும் இக்கதையின் நாயகனுக்கு, மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாயிலருகே இன்றும் சன்னதி உண்டு.

இக்கதையில் முதலில் நோக்கத்தக்கது அரச பிறப்பு. ஒடுக்கப்பட்ட குலத்தான் ஒருவன் உயர்குலப் பெண்ணை மணந்தான் என்பதை ஏற்க இயலாத சமூகம், அவனை மன்னன் மகனாக்கி அம்மீறலைத் தணித்துக்கொண்டது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். கதைப்பாடல் ஆய்வின் முன்னோடியான நா. வானமாமலை, 1971ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாகக் காத்தவராயன், முத்துப்பட்டன் ஆகியோரின் கதைப்பாடல்களைப் பதிப்பித்து, இத்தகைய சாதி முரண்களை ஆய்வுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். பின்னர் டேவிட் சுல்மன், காத்தவராயனைப் புறந்தள்ளப்பட்டவனாகவும் காவலனாகவும் ஒருசேரக் கண்டு எழுதினார். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனே ஊரின் எல்லையைக் காக்கிறான் என்பதே இவ்வகைத் தெய்வங்களின் அடிப்படை முரண் எனலாம்.

தோட்டத்தில் கதை பெற்ற பொருள்

இம்முரண் தோட்டத்து வாழ்வில் புதுப்பொருள் பெற்றது. சிரம்பான், ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பகாவ் முதலிய வட்டாரங்களின் தோட்டங்களுக்கு வந்தவர்களுள் பெரும்பகுதியினர், 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்திற்குத் தடை விதிக்கும் முன்னர்க் கங்காணி முறையில் அழைத்து வரப்பட்டவர்களும் அவர்தம் வழியினருமாவர். பொதுவாகத் தோட்டத்தின் நடுவே மாரியம்மன் கோயில் அமைய, முனியாண்டியும் மதுரைவீரனும் மரத்தடியிலும் காட்டோரத்திலும் இடம்பெற்றனர். விடியுமுன் இருளில் பால்வெட்டுக்குச் செல்வோர்க்குப் புலியும் பாம்பும் மட்டுமன்றித் துரையும் கிராணியும் தண்டலும் அச்சத்திற்குரியோரே. அத்தகையோர்க்கு, அரிவாளேந்தி மீசை முறுக்கிய தெய்வம் ஒன்று காவல் நின்றது. ஈண்டு அரக்கனுக்குரிய தோற்றமும் வீரனுக்குரிய பணியும் ஓர் உருவிலேயே ஒன்றின. அச்சுறுத்துவது எதுவோ அதுவே காப்பதும் ஆயிற்று.

மேலும், மேலிடத்தின் ஆணையை நிறைவேற்றியவனே மேலிடத்தால் தண்டிக்கப்பட்டான் என்னும் செய்தி, உழைத்தும் ஏச்சுப் பெற்ற தோட்டத் தொழிலாளிக்கு விளக்கம் வேண்டாத ஒன்று. இக்கதை அவர்க்கு உணர்த்திய அறம், தண்டனை பெற்றவன் எல்லாம் குற்றவாளி அல்லன் என்பதே என்று நாம் கருதுகிறோம்.

திரைப்படமும் வகுப்பறையும்

1956இல் டி. யோகானந்த் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த 'மதுரை வீரன்' கதையைப் பரவலாக்கியது. அரச பிறப்பையும் நிலைநிறுத்தியது. வகுப்பறையோ இக்கதையைப் பெரும்பாலும் தவிர்த்தது. எடுத்துக்கொண்ட வேளையிலும் 'வீரம்' என்னும் ஒற்றைச் சொல்லில் அதன் நீதியை அடக்கியது. நாமும் தொடக்கக் காலத்தில் அவ்வாறே நடத்தியுள்ளோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. தண்டித்தவர் யார், ஏன் என்னும் வினாவை மாணவர் எழுப்பவில்லை, நாமும் எழுப்பவில்லை.

இங்கு மலாய் இலக்கியத் திறனாய்வு நமக்கு ஒரு வழியைக் காட்டுகிறது. 'ஹிக்காயாட் ஹங் துவா' காவியத்தில், அவதூற்றால் மரண தண்டனை விதிக்கப்பட்ட துவாவைப் பெண்டகாரா மறைத்து வைக்கிறார். நண்பன் இறந்துவிட்டதாக எண்ணிய ஜெபாட் அரசனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுகிறான். இறுதியில் துவாவின் கையாலேயே மடிகிறான். நெடுங்காலம் துரோகி என்றே கற்பிக்கப்பட்ட ஜெபாட்டை, 1959இல் எழுதி 1964இல் நூலாக வெளிவந்த ஆய்வில் காசிம் அகமது புதிய வீரனாக மறுவாசிப்புச் செய்தார். உஸ்மான் அவாங் 1961இல் 'மத்திஞா செயோராங் பஹ்லாவான்' நாடகத்தை ஜெபாட்டை மையமாக வைத்துப் படைத்தார். விசுவாசமா, நீதியா என்னும் விவாதம் இதனால் கூர்மையுற்றது. நம் தோட்டங்களின் வீரனும் அத்தகைய விவாதத்திற்கு உரியவனே.

இரு தடைகள்

இம்மறுவாசிப்பில் இரு தடைகள் உள. முதலாவது, அரச பிறப்பு பிற்சேர்க்கை என்பதால் அதனை நீக்கிவிடலாம் என்னும் எண்ணம். பக்தியோடு உடுக்கையடித்துப் பாடுவோரும் அப்பகுதியைப் பாடுகின்றனர். அவர்தம் நம்பிக்கையைப் பிழை என்று ஒதுக்குதல் ஆய்வு நெறியாகாது. பிற்சேர்க்கையும் ஒரு சான்றே. எந்த உண்மையைச் சமூகத்தால் தாங்க முடியவில்லை என்பதற்கு அது சான்று பகர்கிறது.

இரண்டாவது தடை இதனினும் கடினமானது. ஒடுக்கப்பட்டவன் என்பதால் வீரனின் செயல் அனைத்தும் அறமாகிவிடா. பொம்மியும் வெள்ளையம்மாளும் கதையில் தம் விருப்பத்தைப் பேசும் இடங்கள் எவை, பிறர் விருப்பத்திற்கு உட்படும் இடங்கள் எவை என்று வினவாமல் இக்கதையை நடத்துதல் முறையன்று. அரசனின் அநீதியைக் காணும் கண், வீரனின் குறையையும் காணவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கும் ஆற்றல் நாட்டார் கதைக்கு உண்டு. நீதிபோதனைச் சுருக்கத்திற்கு இல்லை.

முடிவுரை

இன்று இரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்துள்ளன. தோட்டக் கோயில்களுள் சில இடம் பெயர்ந்தன, சில மறைந்தன, சில ஆகம முறைக்கு மாறிவருகின்றன. சிங்கப்பூரில் முனீசுவரர் வழிபாடு கண்ட மாற்றங்களை வினீதா சின்ஹா 2005இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மாற்றம் தவறன்று. கோயில் உயரும்போது கதை உதிர்ந்துவிடுமோ என்பதே நம் கவலை. குடமுழுக்குக் கண்ட மண்டபத்தில் வீரன் நிற்பான். அவன் ஏன் வெட்டுண்டான் என்பதைச் சொல்ல ஆளிருக்காது.

ஆகவே, தமிழாசிரியர்கள் தத்தம் வட்டாரத்து முதியோரிடம் இக்கதையின் வடிவங்களைக் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். ஒரு வடிவத்தைச் 'சரி' என்று தேர்ந்து ஏனையவற்றைக் கைவிடுதல் கூடாது. வகுப்பில், 'இக்கதை கூறும் நீதி யாது?' என்று வினவுவதற்கு முன், 'இக்கதையில் நீதி கிடைக்காதவர் யார்?' என்று வினவிப் பார்க்கலாம். அவ்வினாவிற்கு மாணவர் தரும் விடைகள் ஒன்றுபோல் இரா, இருக்க வேண்டியதுமில்லை.