வரைபடம் வந்தது, வித்தை வந்ததா?

போர் விமான ஒப்பந்தச் செய்திகளில் 'தொழில்நுட்ப மாற்றம்' என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி படித்திருப்பீர்கள். அதைச் சற்று உரசிப் பார்ப்போம்.

1962-இல் சோவியத் ஒன்றியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின் பயனாக மிக்-21 விமானங்கள் நாசிக்கிலும், அவற்றின் என்ஜின்கள் கோராபுட்டிலும் நூற்றுக்கணக்கில் உருவாயின. ஆயினும் 2001-இல் முதன்முதல் பறந்த நமது தேஜஸ், அமெரிக்க எஃப்-404 என்ஜினைக் கொண்டே எழும்பியது. நாமே வடிவமைத்த காவேரி என்ஜினின் உந்துவிசை போதவில்லை. 2008-இல் அது தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

காரணங்கள் பல. ஒன்றை மட்டும் பாருங்கள். என்ஜினின் டர்பைன் தகடுகள் மீது மோதும் வாயுவின் வெப்பம் அவற்றின் உலோகத்தை உருக்கிவிடக் கூடியது. தகட்டினுள் நுண்ணிய வழிகளில் காற்றைச் செலுத்தியும், தகடு முழுவதையும் ஒரே படிகமாக வார்த்தும் அதைக் காக்கிறார்கள். வரைபடம் அளவுகளைச் சொல்லும். வார்ப்பை ஏன் இந்த வேகத்தில் குளிர்விக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. அது தோற்றுப்போன சோதனைகளின் குறிப்பேட்டில் இருக்கிறது. அதை யார்தான் விற்பார்?

2023-இல் எஃப்-414 என்ஜின் பற்றிய பேச்சில் '80 சதவீதம்' என்ற எண் அடிபட்டது. அத்தகடு ஒன்றைத் திருத்தி வடிவமைக்கும் அறிவு அந்த எண்பதில் அடங்குமா? இதையல்லவா கேட்க வேண்டும்!